டைனமோ வேகம்

படத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.
கதாநாயகி செத்துப்போகிறாளாம், கடைசியில் மழையாம்.
கட்டைபறிச்சானில் ஒருத்தி சொன்னாள்,
அவளும் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்தது கசெற் மட்டும்.
ஒரு பக்கம் நாலு பாட்டு,
மறுபக்கம் இரண்டு, பிறகு
சொல்லே இல்லாத ஒரு வாத்திய இசை.
அட்டையில் அதற்கு நேரே
யாரோ பேனையால் எழுதியிருந்தார்கள்:
கடற்கரைக் கட்டம்.

பற்றரிக்குத் தடை.
இறங்குதுறையில் சவர்க்காரத்தை முகர்ந்து
சீனியைக் கிளறிப் பார்த்து விட்ட காலம்.
இரண்டு பற்றரியை வைத்துக்கொண்டு
என்ன படை நடத்துவோம் என்று
அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து
பின்சில்லில் டைனமோவை அழுத்திவிட்டு
தவநேசன் அத்தான் பெடலைக் கையால் சுற்றுவார்.
முதலில் சில்லின் இரைச்சல்.
அதற்குள்ளிருந்து மெல்ல மெல்ல,
தடிமன் பிடித்த தொண்டையோடு
ஒரு பாடகி எழும்பி வருவாள்.
அவள் குரல் அவ்வளவு கனமில்லை என்று
அப்போது எங்களுக்கு யார் சொன்னது?

கடற்கரைக் கட்டத்தில்
புல்லாங்குழல் முடிந்து வயலின்கள் சேரும் இடம்
வந்ததும் அத்தானின் கை சோரும்.
இசை சரியும்.
அத்தனை வயலினும் சேர்ந்து
ஈர மணலில் வள்ளம் இழுக்கிற மாதிரி
ஒரு இழுவை.
"கெதியாச் சுத்துங்கோவன்!"
அக்கா அடுப்படியிலிருந்து கத்துவாள்.
நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.
அந்த இடத்தில்தான் எனக்கு
அடிவயிற்றில் ஏதோ இறங்கும்.
பதினொரு வயது.
அதற்கு என்ன பெயரென்று தெரியாது.
இப்போதும் தெரியாது.

திருகோணமலை ஆஸ்பத்திரியில்
கதிர்ப்படம் எடுக்கிறேன்.
"மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்பேன்.
மீன்வாடிக்காரரும் வங்கி மனேச்சரும்
ஒரே மாதிரித்தான் பிடிப்பார்கள்.
அந்த மூன்று விநாடியில்
எனக்குள்ளே வயலின்கள் சரியும்.
"இப்ப விடுங்கோ."

போன மாசம், மூதூர் பஸ்.
சாரதி புதுசாய் ஒலிபெருக்கி பூட்டியிருந்தார்.
கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது
அந்தப் புல்லாங்குழல்.
கைப்பையை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.
வயலின்கள் வந்தன.
குளித்துத் தலைவாரிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் போல
வந்த வேகத்திலேயே
வரிசையாய்ப் போய்விட்டன.
ஒன்றும் இறங்கவில்லை.
பாலம் முடிந்தது.
கொண்டக்டர் மிச்சக்காசு தந்தார்,
எண்ணாமலே வாங்கினேன்.

அன்றைக்கே அத்தான் வீட்டுக்குப் போனேன்.
டொக்யார்ட் வீதியில் மானொன்று
அப்பப் பெட்டியின் கடுதாசியைச் சப்பிக்கொண்டு
வழிவிடாமல் நின்றது.
அத்தான் யாருடையதோ மின்விசிறியைக் கழற்றிப்போட்டு
ஆணி தேடிக்கொண்டிருந்தார்.
ஃபோனில் போட்டுக் காட்டினேன்.
"இதில எங்கட இடம் இல்லை அத்தான்.
உங்கட கை களைச்சிருக்கு,
நான் அதை இசையெண்டு நம்பியிருக்கிறன்."

"ஆருக்குக் களைச்சது?"
நிமிரவில்லை அவர்.
"அந்த இடம் சட்டெண்டு போயிடும்.
போகவிடாமல் பிடிச்சு வைச்சனான்."

"பச்சைப் பொய்," என்றாள் அக்கா உள்ளேயிருந்து.
"மனுசனுக்குத் தோள்மூட்டு உளைஞ்சது.
ராவில எண்ணெய் பூசினது நான்."

மருமகன் வந்து
வேகத்தைக் குறைக்கலாம் மாமி என்று
எதையோ தட்டினான்.
குறைந்தது. முழுவதும் ஒரே அளவாய்,
மயக்கமருந்து ஏற்றியவர் பேசுகிற மாதிரி.
அத்தான் தலையாட்டினார். உதவாது.

பிறகு ஆணியைக் கீழே வைத்துவிட்டு
வெறுங்கையால் காற்றைச் சுற்றத் தொடங்கினார்.
ஃபோனை நான் நிறுத்திவிட்டேன்.
ஒரு சுற்று, இன்னொரு சுற்று,
குழல் முடிகிற அளவுக்குச் சுற்று.
அந்த இடம் வந்ததும்
கை மெதுவானது.

உளைவோ, பிடித்து வைத்ததோ,
நான் கேட்கவில்லை.
அடுப்படியிலிருந்தும்
கெதியா என்று சத்தம் வரவில்லை.